மலைநாட்டுத் தமிழர் வரலாறும் அதன் சான்றுகளும்

ஒரு சமுதாயம் தன்னைத் தான் அறிந்துகொள்ளுதற்கு வரலாறு இன்றியமையாதது. யாழ்ப்பாணத்தார்க்கு மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை உண்டு. மட்டக்களப்பார்க்கு மட்டக்களப்பு மான்மியம் உண்டு. இந்நூல்களிற் காணப்படும் செய்திகள் யாவும் ஆராய்ச்சிக்கு நிற்பன அல்ல என்பது உண்மையே. ஆயினும், "எம் முன்னோர் இன்னார், இவ்வாறு வந்தனர், இவ்வாறு வாழ்ந்தனர்" என்று சொல்லுதற்கு அவை ஒரு தொடக்கமாய் அமைந்தன. மலைநாட்டுத் தமிழர்க்கோ அத்தகைய பழைய நூல் ஒன்றேனும் இல்லை. இரண்டு நூற்றாண்டுகளாக இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தம் தோளிற் சுமந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு, பெரும்பாலும் பிறர் எழுதிவைத்த கணக்குகளிலேயே தங்கிக் கிடக்கின்றது.

அவ்வரலாறு முழுவதையும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை எழுதுவார்க்குக் கிடைக்கும் சான்றுகள் யாவை, அவற்றை எவ்வாறு ஆராய்தல் வேண்டும், சான்று இன்மையால் அம்மக்கள் அடைந்த இழப்பு யாது என்னும் மூன்றினையும், ஹட்டன் பகுதியை நடுவாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

ஹட்டன் பகுதியும் அதன் கல்லறைகளும்

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள ஹட்டன், தன் பெயரை ஸ்கொத்துலாந்து நாட்டு ஊரொன்றிலிருந்து பெற்றது. சுற்றுப்புறத் தோட்டங்களிற் பலவும் அவ்வாறே. டன்கெல்ட், ஸ்ட்ரத்ஸ்பே என்னும் பெயர்களைக் கேட்போர், அவற்றைச் சூட்டிய துரைமார் தாம் பிறந்த மண்ணை நினைந்து ஏங்கினர் என உணர்தல் கூடும். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ ஆகிய பள்ளத்தாக்குகளின் பெருங்காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோப்பிப் பயிருக்காக அழிக்கப்பட்டன. 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளுள் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867 இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1884 இல் புகையிரதப் பாதை ஹட்டனை அடைந்தது. அதன் பின்னரே இவ்வூர் நகராய் வளர்ந்தது.

டிக்கோயாவில் உவார்லி என்னுமிடத்தில் 1878 இல் எழுந்த கிறித்துவ ஆலயத்தின் முற்றத்திலே துரைமாரும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் துயில்கின்றனர். பெயர், வயது, இறந்த நாள் ஆகியன கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. பொகவந்தலாவ ஆலயத்திலே, உலகப் புகழ் பெற்ற ஒளிப்படக் கலைஞராகிய யூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1879 இல் அடக்கஞ் செய்யப்பட்டார். தம் இறுதிக் காலத்தில் அவர் இத்தீவின் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தனர். அப்படங்கள் இன்றும் மேனாட்டு அரும்பொருட் சாலைகளிற் பேணப்படுகின்றன. ஆயின், அவற்றுள் நின்று நம்மை நோக்கும் தமிழ்ப் பெண்டிரும் ஆடவரும் யாவர் என்பதற்குப் பெயர்க் குறிப்பு இல்லை. அவர்தம் உடல் அடங்கிய இடத்திற்குக் கல்லும் இல்லை. தேயிலைச் செடியே அவர்க்கு நடுகல் ஆயிற்று.

புதைத்த இடத்தைக் கொண்டு வரலாறு எழுதப் புகுவோன், இப்பகுதியில் வெள்ளையர் வரலாற்றை மட்டுமே எழுத இயலும். எனவே வேறு சான்றுகளை நாடுதல் வேண்டும்.

வடபாதை

ஹட்டன் மலைகளுக்கு மக்கள் வருவதற்கு முன்னரே, கண்டி, மாத்தளைப் பகுதிகளின் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கிவிட்டனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளில் மழை பொய்த்த காலத்தும் கடன் நெருக்கிய காலத்தும் மக்கள் 'கண்டிச் சீமை'க்குப் புறப்பட்டனர். அவருட் பெரும்பாலார் நிலமற்றவர். சாதிக் கொடுமையால் நசுக்குண்டவர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் மிகுந்த தொலைவைக் கால்நடையாகவே கடந்தனர். 1844 ஆம் ஆண்டில் மட்டும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர்.

அப்பாதையில் நீரும் நிழலும் அரிது. வாந்திபேதி, அம்மை, வயிற்றுக்கடுப்பு, காட்டுக் காய்ச்சல் ஆகியன வழிநெடுகக் காத்திருந்தன. நடக்க இயலாது வீழ்ந்தவரை விட்டுச் செல்வதன்றிப் பிறர்க்கு வழியில்லை. 1841 தொடக்கம் 1848 வரையுள்ள எட்டு ஆண்டுகளில் வழியிலும் தோட்டங்களிலுமாக எழுபதினாயிரம் பேர், அஃதாவது வந்தோரில் நாலில் ஒரு பங்கினர், மாண்டனர் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணித்தது. மலைநாட்டு வரலாறு கூறுவோர் யாவரும் இத்தொகையை எடுத்தாளுவர். எனினும் இது பெறப்பட்ட முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். வந்தோர் தொகையினின்றும் திரும்பிச் சென்றோர் தொகையைக் கழித்து, எஞ்சியோரிற் பெரும் பகுதியினரை இறந்தோராகக் கொண்டதனால் எழுந்த மதிப்பீடே அது. கணக்கிற் படாது திரும்பியோரும் இந்நாட்டிலேயே தங்கியோரும் உளராகலின், ஆராய்ச்சியாளர் சிலர் இத்தொகை மிகையெனக் கருதுவர்.

இவ்விடத்து மாணவர் ஒன்று கருதுதல் வேண்டும். தொகையை ஐயுறுதல் துயரை மறுத்தலாகாது. அத்தொகையிற் செம்பாதியைத் தள்ளிவிடினும் முப்பத்தையாயிரம் உயிர் எஞ்சும். அன்றியும், இறந்தவர் எத்துணைப் பேர் என்பதை இன்றுவரை உறுதியாகச் சொல்ல இயலாதிருத்தலே அக்காலத்து ஆட்சியின்மேல் நிற்கும் பெருங் குற்றச்சாட்டாகும். ஏற்றுமதியான கோப்பியின் நிறையையும் விலையையும் ஆண்டுதோறும் துல்லியமாகக் குறித்த அரசு, அக்கோப்பியைப் பறித்தோரின் இறப்பைக் குறித்துவைக்கவில்லை.

எழுத்துச் சான்று வாய்திறவாத இடத்திற் பிற சான்றுகள் பேசும். வடபாதை மலையைத் தொடும் மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். தோட்டந்தோறும் மாரியம்மன் வழிபாடே முதன்மை பெற்றுள்ளது. அம்மை நோய்க்கும் மழைக்கும் உரிய தெய்வத்தை அம்மக்கள் தம்மோடு கொண்டுவந்தமைக்கு அவர் கடந்த வழியே விளக்கந் தருகின்றது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் கடல் கடந்த துயரும் கங்காணியின் கொடுமையும் பேசப்படுகின்றன. வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இப்பாடல்களை ஊரூராகத் தேடித் தொகுத்தமை, இலக்கியப் பணி மட்டுமன்று, வரலாற்றுப் பணியுமாகும்.

கணக்கேடு கூறுவதும் கூறாததும்

தோட்டங்களில் எழுத்து இல்லாமலில்லை. ஒவ்வொரு நாளும் விடியற் காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்பட்டது, செக்றோலிற் குறிக்கப்பட்டது. எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எத்துணை இறாத்தல் கொழுந்து பறித்தனர், அரிசிக்கும் கம்பளிக்கும் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பன அங்குக் காணப்படும். அவன் எவ்வூரான், அவள் பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தவை எத்தனை என்பன அதன் கவலையல்ல.

தொழிலாளி கையிலிருந்த எழுத்துச் சான்றோ 'துண்டு' ஒன்றே. அவன் பட்ட கடன் எவ்வளவு என்பதையும், அக்கடனைத் தீர்க்கும் தோட்டம் அவனை ஏற்கலாம் என்பதையும் கூறும் சீட்டு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, புதிதாய் வருவோர் கழுத்தில் தோட்ட இலக்கம் பொறித்த தகரத்துண்டு ஒன்றும் கட்டப்பட்டது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்படும் வரை, தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளியின் பெயர் எழுத்தில் ஏறியது கடனாளி என்ற முறையிலேயே.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அக்கடனை ஏற்றியவன் துரை மட்டும் அல்லன். ஆள் கட்டிக் கொண்டுவந்தவனும், வழிச்செலவைக் கடனாக எழுதியவனும், வேலைக்கு வந்த ஒவ்வொருவர்க்கும் தலைக்காசு பெற்றவனும் கங்காணியே. அவன் நம்மவன், பலவிடத்து உறவினனும் ஆவான். காய்ச்சலிற் கிடந்தவனைச் சுமந்து வந்த கங்காணியும் உளன். அவன் பெயரிற் கடனைப் பெருக்கிய கங்காணியும் உளன். பிறர் செய்த கொடுமையை மட்டும் எழுதி நம்மவர் செய்ததை விடுப்பது வழக்குரையாகுமேயன்றி வரலாறாகாது. 'தோட்டக்காட்டான்' என இகழ்ந்து ஒதுக்கிய பிறபகுதித் தமிழரின் செயலும் அவ்வாறே எழுதப்படல் வேண்டும்.

பெயர் பெற்ற காலம்

இந்நிலை மாறத் தொடங்கியது அம்மக்களுக்கென அச்சும் சங்கமும் தோன்றிய பின்னரே. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் புக இயலாத தோட்டங்களுக்குள் புடவை வணிகர் கோலத்திற் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டார் என்பர். 1920களில் தேசநேசன், தேசபக்தன் முதலிய பத்திரிகைகளை நடத்தினார். 1931 இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936 தொடக்கம் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராய் விளங்கினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டந்தோறும் பாடினார். படியாதோரும் கேட்டு மனத்திற் கொள்ளக்கூடிய வரலாறாய் அப்பாடல்கள் அமைந்தன.

இம்மாற்றத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம். 1940 சனவரித் திங்கள் 10 ஆம் நாள் ஏவாகெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்த வேளை, பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். விசாரணைக் குழு அமைந்தது. சட்ட அறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்று வாதிட்டார். நூறாண்டின் முன் வடபாதையில் மாண்ட பல்லாயிரவருள் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. முல்லோயாவில் மாண்ட ஒருவர் பெயர் இன்றும் வழங்குகின்றது. முன்னையோர் துயர் சிறிதென்பதன்று இதன் பொருள். எழுதுவோரும் வாதிடுவோரும் பின்னையவர்க்கு வாய்த்தனர், முன்னையோர்க்கு வாய்த்திலர்.

சான்று கேட்ட சட்டம்

1947 இல் நிகழ்ந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் பிறந்தவரொருவர் வம்சாவழிக் குடியுரிமை பெறுதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்திருத்தல் வேண்டும். லயத்தறையில் மருத்துவச்சியின் கையிற் பிறந்து, பதிவேடு காணாது வளர்ந்த ஒருவனுடைய பிறப்பினை அவன் மகன் எதைக் கொண்டு மெய்ப்பிப்பான்?

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி விட்டது. ஆயின் அதுவும் சான்றையே கேட்டது. 1946 சனவரி 1 ஆம் நாளுக்கு முன், மணமானோர் ஏழு ஆண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையைக் காட்டல் வேண்டும். அதே ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், குடிகளல்லாதார் வாக்குரிமையையும் நீக்கியது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரேனும் இல்லாதொழிந்தார்.

இச்சட்டங்களின் அரசியல் நோக்கத்தைப் பலரும் எழுதியுள்ளனர். அந்நோக்கமே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. யான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது, அந்நோக்கம் நிறைவேறிய முறையையே. ஏடு எழுதும் உரிமை தோட்டத்துக்கும் அரசுக்குமே இருந்தது. அவ்வேட்டிற் கடனும் கொழுந்தும் ஏறின. பிறப்பும் குடியிருப்பும் பெரும்பாலும் ஏறவில்லை. பின்னர் அதே அரசு, "ஏட்டைக் காட்டு" என்றது. நூறாண்டுக் காலம் ஒரு மக்களைப் பற்றி எழுதாமல் விட்டவர்களே, எழுத்து இல்லை என்று கூறி அவர்களை நாடற்றவராக்கினர். ஆகவே மலைநாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை வரலாறு எழுதப்படாமை, துன்பத்தின் பின் நேர்ந்த குறை மட்டும் அன்று. அத்துன்பத்தை விளைத்த கருவிகளுள் ஒன்றுமாகும்.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றோராகக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகுத்துக்கொண்டன. அம்மக்களின் கருத்தைக் கேட்டார் இல்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. ஹட்டன் முதலிய நிலையங்களிலிருந்து தலைமன்னார்க்கு அவர்களைச் சுமந்து சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பாட்டன் நடந்து வந்த கரைக்கே பேரன் கோச்சியிற் சென்று இறங்கினான். நீலகிரி மலையில் தேயிலைத் தோட்டமும் பிற இடங்களிற் கூலி வேலையும் அவர்களை எதிர்கொண்டன. அங்குச் சென்றோர் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். ஈண்டு நின்றோர் 'இந்தியாக்காரர்' எனப்பட்டனர்.

1970களின் முற்பகுதியிற் பஞ்சமும் பட்டினிச் சாவும் தோட்டங்களை வாட்டின. 1977 மே 11 ஆம் நாள், தோட்டக் காணிகளைப் பிறர்க்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிர் நீத்தார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் எண்ணற்றோர் வீடிழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே முடிவாகக் குடியுரிமை வழங்கிற்று. 1948 இல் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

நாம் செய்யத்தக்கது

2023 இல், மலைநாட்டுத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் கால்நடையாய்ச் சென்றனர். முன்னோர் வீழ்ந்த வழியை மீண்டும் நடந்து பார்த்தமை பாராட்டுதற்குரியது. ஆனால் நடையோடு எழுத்தும் சேர்தல் வேண்டும். சாரல் நாடன் முதலிய மலைநாட்டு எழுத்தாளரும், கோப்பிக்காலத் தொழிலாளர் துயரை ஆராய்ந்த டொனோவன் மோல்ட்ரிச் போன்றோரும் வழிகாட்டியுள்ளனர். அவ்வழியைத் தொடர்தல் படித்த இளைஞரின் கடனாகும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய துண்டு, கடவுச்சீட்டு, குடியுரிமை விண்ணப்பத்தின் படி, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், திருமண அழைப்பிதழ் ஆகியன யாவும் சான்றுகளே. கோயில் மணியிற் பொறித்த உபயகாரர் பெயரும், தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்விடாப்பும், கைவிடப்பட்ட தொழிற்சாலையின் செக்றோலும் அத்தகையனவே. இவை ஆண்டுதோறும் செல்லரித்தும் மழையில் நனைந்தும் அழிகின்றன. இடப்பெயரையும் விடுதல் ஆகாது. ஹட்டனுக்கு அணித்தாயுள்ள பெருஞ் சுரங்கத்தை ஆங்கிலேயர் பூல்பாங்கு என்றனர். நம்மவர் சிங்கமலை என்றனர். துரை வைத்த பெயர் படத்தில் உண்டு. தொழிலாளி வைத்த பெயர் வாய்மொழியிலேயே உண்டு. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிக் கிடக்கின்றது. கோடையில் நீர் வற்றுங்கால் அங்கிருந்த கோயில் வெளித்தோன்றுவதை மக்கள் சென்று காண்கின்றனர். அந்நகரில் வாழ்ந்த முதியோர் நினைவும் அத்தகையதே. அது வற்றிய பின் மீண்டும் வெளித்தோன்றாது.

முதியோரிடம் கேட்டெழுதுங்கால் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். சொன்னவர் பெயர், வயது, தோட்டம், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கண்டு சொன்னது எது, கேட்டுச் சொன்னது எது எனப் பிரித்தல் வேண்டும். இருவர் கூற்று மாறுபடின் இரண்டனையும் எழுதுதல் வேண்டும். துயரை மிகைப்படுத்துதல் அத்துயருக்கே இழைக்கும் தீங்காகும். ஒரு பொய் வெளிப்படின் நூறு மெய்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

வடபாதையில் வீழ்ந்தோர் பெயரை இனி நாம் மீட்டல் அரிது. ஆயினும் ஒப்பாரிக் கோச்சியைக் கண்ட கண்கள் இன்னும் உள. பாட்டியின் பக்கத்திலிருந்து, அவர் பிறந்த லயம் எது, அவர் தாய் எவ்வூரிலிருந்து வந்தார், அவர் உடன்பிறந்தோர் எங்குளர் எனக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுதல் ஒரு மாலைப் பொழுதின் வேலையே. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் இதனைச் செய்வாராயின், முன்பு கடன் மட்டுமே எழுதப்பட்ட அப்பெயர்களின் எதிரே பிறப்பும் உறவும் ஊரும் எழுதப்படும். "ஏட்டைக் காட்டு" என்று இனி ஒருவர் கேட்பின், காட்டுதற்கு நம்மிடம் ஓர் ஏடு இருத்தல் வேண்டும்.